வழிக்கம்பியும் சுருக்கும்

ரத்தக்குழாய்க்குள் புகுந்து செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அடிப்படை ஒரு மெல்லிய கம்பி. சென்னையில் ‘கேத் லேப்’ எனப்படும் கதீட்டர் சிகிச்சைக்கூடங்களில் அதை ‘வயர்’ என்றே சொல்கிறார்கள். அடைப்பை விரிக்கும் பலூன், அங்கே பொருத்தும் ஸ்டென்ட், இதயத்தின் ஓட்டையை அடைக்கும் கருவியைக் கொண்டுசெல்லும் உறை எல்லாம் அந்த வயரின் மேல் கோத்துத்தான் உள்ளே தள்ளப்படுகின்றன. வயரை வேண்டிய கிளைக்குள் திருப்பிவிடும் ‘கதீட்டர்’ என்னும் மென்குழாய்களும், அதன் முனையை உடலுக்குள்ளேயே பிடிக்கும் ‘ஸ்னேர்’ என்னும் சுருக்குகளும் இக்கட்டுரையின் பொருள். இத்துறையின் வரலாற்றைப் பலூன், ஸ்டென்ட், வால்வு என்ற வரிசையில் சொல்வது வழக்கம். ஆனால் எந்தக் காலத்தில் எது முடிந்தது, எது முடியாமல் நின்றது என்று பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. வயரின் உள்முனை எந்த அளவுக்கு மருத்துவரின் பிடிக்குள் வந்ததோ, அந்த அளவுக்குத்தான் சிகிச்சையும் நகர்ந்திருக்கிறது.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியாக ஒரு கதீட்டரை 65 செ.மீ. வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், அதன் முனை இதயத்தின் வலது மேலறையில் இருப்பதைப் படமெடுத்தார். அவருக்கு வயர் தேவைப்படவில்லை. சிரையின் ஓட்டம் இதயத்தை நோக்கியே இருப்பதால் குழாய் தானாகவே போய்ச் சேரும். தமனிகளின் கதை வேறு. அங்கே ஓட்டத்தை எதிர்த்துப் போக வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் வழி தேர்ந்தெடுக்க வேண்டும். 1953இல் சுவீடனின் ஸ்வென் ஐவர் செல்டிங்கர் வெளியிட்ட முறைதான் இதற்கு வாசல் திறந்தது: ஊசியால் குத்தி, ஊசிக்குள் வயரை விட்டு, ஊசியை உருவிவிட்டு, வயரின் மேல் கதீட்டரை ஏற்றுவது. இன்றைக்கும் எல்லாக் கேத் லேப்களிலும் முதல் வேலை இதுவே. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர் 1964 ஜனவரி 16 அன்று, காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனி அடைப்புக்குள் வயரை நுழைத்து, அதன் மேல் தடித்த கதீட்டர்களை ஏற்றி அடைப்பை விரித்தார். அடைப்பை விரிக்கும் பலூன் பிறக்கும் முன்பே செய்த ரத்தக்குழாய்ச் சிகிச்சை அது. தொடைத் தமனி ஏறக்குறைய நேரான பாதை என்பதால், திருப்ப முடியாத வயரே போதுமானதாக இருந்தது.

சுருக்கு பிறந்தது விபத்திலிருந்து. வயரும் கதீட்டரும் புழக்கத்துக்கு வந்ததும் அவை உள்ளேயே ஒடிந்து போவதும் தொடங்கியது. ஒடிந்த துண்டு ரத்த ஓட்டத்தோடு போய் இதய அறையிலோ நுரையீரல் தமனியிலோ தங்கிவிடும். அதை எடுக்க நெஞ்சைத் திறப்பது ஒன்றே வழியாக இருந்தது. 1964இல் அமெரிக்க மருத்துவர்கள் மூச்சுக்குழாய்ச் சோதனைக்கான இடுக்கியைச் சிரை வழியாக விட்டு, வலது மேலறையில் கிடந்த எஃகு வயர்த் துண்டை வெளியே எடுத்தார்கள். 1971இல் டாட்டரும் அவருடைய சகாக்களும் அதுவரை இப்படி எடுக்கப்பட்ட 29 நேர்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். இடுக்கி, கம்பிக் கூடை, மடித்த வயரால் ஆன கண்ணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்திய காலம் அது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவி எடுப்பதுபோல, எக்ஸ்ரேயின் நிழலை மட்டும் நம்பி அவர்கள் துழாவினார்கள். பிடிப்பது என்பது நெடுங்காலம் இப்படி மீட்புப் பணியாகவே கருதப்பட்டது. அதுவே திட்டமிட்ட சிகிச்சையின் ஓர் அங்கமாகும் என்று அப்போது நினைக்க இடமில்லை.

திருப்புவதன் அருமையை உணர்த்தியது இதயத் தமனி. ஆந்த்ரியாஸ் குரூயென்ட்சிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் முதன்முதலாக இதயத் தமனி அடைப்பைப் பலூனால் விரித்தார். அவருடைய பலூன் கதீட்டரின் நுனியில் ஒரு குட்டை வயர் நிலையாக ஒட்டியிருந்தது. தனியே நகராது, திரும்பாது. அதனால் தமனியின் தொடக்கப் பகுதியில், நேரான இடத்தில் இருக்கும் அடைப்புகளுக்குத்தான் அந்த முறை பொருந்தியது. வளைவுக்கு அப்பால் அடைப்பு இருந்தால் நோயாளி அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டியதுதான். 1982இல் ஜான் சிம்ப்சனும் சகாக்களும் வயரைப் பலூனிலிருந்து பிரித்தார்கள். பலூனுக்குள் ஓடும் துளை வழியாக வயர் தனியே முன்னே போகும். வெளியே இருக்கும் முனையைத் திருகினால் உள்ளே வளைத்த நுனி திரும்பும். இன்றைய இதயத் தமனி வயர் 0.36 மி.மீ. தடிமன் கொண்டது. மருத்துவர் அதன் நுனியை ஊசி முனையில் வைத்து லேசாக வளைப்பார். பின்பகுதியில் ‘டார்க்கர்’ என்ற சிறு பிடியை மாட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டுவார். ஒன்றரை மீட்டருக்கு அப்பால், துடிக்கும் இதயத்தின் மேல் அந்த நுனி கிளை பிரியும் வாயைத் தேடும். வயரால் மட்டும் முடியாத கூர்மையான வளைவுகளுக்காக, முனை வளையும் நுண்கதீட்டர்கள் பின்னர் வந்தன.

சென்னையின் கதை, வயரைத் திருப்பக் கற்ற இந்த இரண்டாம் கட்டத்தில் தொடங்குகிறது. கிரீம்ஸ் சாலையை ஒட்டி 1983இல் திறக்கப்பட்ட அப்போலோ மருத்துவமனையில் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் இந்தியாவின் முதல் இதயத் தமனி பலூன் சிகிச்சையைச் செய்தார். அவர் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் குரூயென்ட்சிக்கிடமே பயிற்சி பெற்றவர். 2000இல் பத்மஸ்ரீ பெற்றார். 2025 ஏப்ரலில் மறைந்தார். சூரிச்சுக்கும் சென்னைக்கும் இடையே கழிந்த ஒன்பது ஆண்டுகளை நாம் பின்தங்கிய காலம் என்று மட்டும் கணக்கிடுவது சரியல்ல. அந்த இடைவெளியில்தான் வயர் விடுதலை பெற்றது. இங்கே முறை வந்து இறங்கியபோது, திருப்பக்கூடிய வயர் உலகில் புழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. இன்று ஆழ்வார்ப்பேட்டை, வடபழனி, அடையாறு என்று நகரெங்கும் கேத் லேப்கள் பெருகியிருக்கின்றன. 2014இல் ஓமந்தூரார் வளாகத்தில் தொடங்கிய அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையும் அந்த வரிசையில் உண்டு.

வயரைப் பிடிக்கக் கற்ற மூன்றாம் கட்டத்துக்கு ஒரு புது உலோகம் காத்திருந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் 1960 வாக்கில் உருவாக்கிய நிக்கல்–டைட்டேனியக் கலவையான நிட்டினால், நன்றாக மடக்கினாலும் விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பும். மினசோட்டாவில் பணியாற்றிய கர்ட் ஆம்ப்லாட்ஸ் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி உருவாக்கிய ‘கூஸ்நெக்’ சுருக்கு 1990களின் தொடக்கத்தில் பரவியது. அதற்கு முந்தைய கண்ணிகள் கதீட்டரின் நீளவாக்கிலேயே விரிந்தன. குழாய்க்குள் அவை பக்கவாட்டில் படுத்துக்கிடக்க, பிடிக்க வேண்டிய வயர் ஓரமாக நழுவிப் போகும். கூஸ்நெக்கின் வளையமோ கதீட்டருக்குச் செங்குத்தாகத் திறக்கிறது. ரத்தக்குழாயின் விட்டத்துக்குப் பொருத்தமான அளவைத் தேர்ந்தால் வளையம் குழாயின் குறுக்கே நிறைந்து நிற்கும். அவ்வழியே வரும் எதுவும் அதற்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். தங்க முலாம் பூசிய டங்ஸ்டன் சுற்றியிருப்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். இறுக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வளையத்தைப் பின்னால் இழுத்தால் வயர் வழுகிவிடும். வளையத்தை அசையாமல் வைத்துக்கொண்டு கதீட்டரை முன்னே தள்ளினால் சுருக்கு இருந்த இடத்திலேயே இறுகும். பிற்காலத்தில் மூன்று வளையங்கள் பின்னிய சுருக்குகளும் வந்தன.

இந்தச் சுருக்கின் பெருமையைக் காண, ஒரு குழந்தையின் இதயக் கீழறைச் சுவரில் இருக்கும் ஓட்டையை அடைக்கும் சிகிச்சையைப் பார்க்க வேண்டும். அடைக்கும் கருவியைச் சுமக்கும் உறை தடித்தது. அதைச் சிரை வழியாக, வலப்பக்கத்திலிருந்து கொண்டுவருவதே தமனிக்குப் பாதுகாப்பு. ஆனால் வலப்பக்கத்திலிருந்து ஓட்டையைக் கண்டுபிடிப்பது கடினம். அங்கே சுவர் தசை மடிப்புகளால் கரடுமுரடாக இருக்கும். ரத்தமும் இடமிருந்து வலமாகப் பாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே தொடைத் தமனி வழியாக இடது கீழறைக்குள் போய், வழவழப்பான அந்தப் பக்கத்திலிருந்து, ஓட்டத்தின் திசையிலேயே வயரை ஓட்டைக்குள் விடுகிறார்கள். வயர் வலது கீழறையைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் போகிறது. அங்கே தொடைச் சிரை வழியாக முன்பே வந்து விரிந்து நிற்கும் சுருக்கு அதைப் பிடித்துச் சிரை வழியே வெளியே கொண்டுவருகிறது. இப்போது தொடையில் தமனியிலிருந்து ஒரு முனை, சிரையிலிருந்து ஒரு முனை. நடுவே இதயத்தின் ஊடாக ஓடும் ஒரே வயர். இரண்டு முனையும் கையில் இருப்பதால், ஒருபுறம் பிடித்து மறுபுறம் தள்ளி, உறையை ஓட்டைக்குள் உறுதியாக ஏற்ற முடிகிறது. அப்படிப் பொருத்தப்படும் கருவிகளில் புகழ்பெற்ற ஆம்ப்லாட்சர் வகையையும் நிட்டினாலில் வடித்தவர் அதே கர்ட் ஆம்ப்லாட்ஸ்தான். பிடிக்கும் கருவியும் அடைக்கும் கருவியும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை.

இதே உத்தி மற்ற இடங்களிலும் உதவுகிறது. பெருந்தமனியின் வயிற்றுப் பகுதி வீக்கத்துக்கு உள்ளுறை பொருத்தும் முறையை 1990இல் புவெனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி தொடங்கிவைத்தார். பிற்கால இரட்டைக்கால் உறைகளில் இரண்டாவது காலின் வாய்க்குள் கீழிருந்து வயர் நுழைய மறுத்தால், மறுபக்கத்திலிருந்து வயரை இறக்கிச் சுருக்கால் பிடிக்கிறார்கள். முழுதாக அடைபட்ட இதயத் தமனியை ஜப்பானிய மருத்துவர்கள் துணைக் கிளைகள் வழியாக எதிர்த்திசையில் திறக்கக் கற்றபோது, வந்துசேர்ந்த வயரைப் பிடித்து வெளியே எடுக்க 330 செ.மீ. நீள வயர்கள் தேவைப்பட்டன. மீட்புப் பணியும் ஓயவில்லை. கீமோதெரபிக்காகத் தோலடியில் பதிக்கும் போர்ட்டின் குழாய், காறையெலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையே நசுங்கி நசுங்கி அறுந்து இதயத்துக்குள் போய்விடுவது உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற அடையாறு உள்ள நகரில் இதை அறிந்திருப்பது அவசியம்.

பலூன் இல்லாவிட்டால் வயரால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், செல்டிங்கருக்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் வயர் பெரும்பாலும் படமெடுக்கவே பயன்பட்டது. ஆனால் 1977ஐயும் 1982ஐயும் ஒப்பிடுங்கள். அந்த ஐந்தாண்டுகளில் பலூனின் தத்துவம் மாறவில்லை. அதை எட்டச் செய்த வயர் மாறியது, சிகிச்சைக்குத் தகுதியான அடைப்புகளின் வட்டம் விரிந்தது. முழு அடைப்புச் சிகிச்சைகள் தோற்பதற்கும் முதன்மைக் காரணம் வயர் கடக்காததே. வயர் கடக்காத இடத்தில் எவ்வளவு சிறந்த ஸ்டென்ட்டும் அலமாரியிலேயே கிடக்கும்.

சுருக்கைத் தனியே வாங்க வேண்டியதில்லை, இதயத் தமனி வயரை இரண்டாக மடித்துக் கதீட்டருக்குள் விட்டாலே கண்ணி கிடைத்துவிடும் என்பது இன்னொரு வாதம். செலவைப் பார்க்கும் நம் நாட்டில் இந்தக் கைவேலைக்கு மதிப்புண்டு. அது உயிர்களைக் காத்தும் இருக்கிறது, ஒவ்வொரு கேத் லேப் மருத்துவரும் கற்றிருக்க வேண்டியதும்கூட. ஆனால் மடித்த கண்ணி நீளவாக்கிலேயே விரியும், ஒருமுறை மடங்கிய இடத்தில் நிரந்தரமாக நெளியும். கூஸ்நெக்குக்கு முன் மருத்துவர்கள் எதனோடு மல்லாடினார்களோ அதே குறை. ஆபத்தும் மறுக்க முடியாதது. இரு முனையிலும் இழுத்துப் பிடித்த வயர் பெருந்தமனி வால்வின் இதழை அழுத்தலாம், வலப்பக்க வால்வின் நாண்களில் சிக்கலாம், இதயத் துடிப்பின் மின்பாதையைத் தடுக்கலாம். வயரின் மேல் கதீட்டரைப் போர்த்தி, இழுவிசையைத் தேவைப்படும் கணத்துக்கு மட்டும் கொடுப்பதே இதற்கான பதில். அதற்குத் தேர்ச்சி வேண்டும் என்பதால் கருவியைக் குறைசொல்ல முடியாது.

நம் கொள்கைகள் இன்னும் பழைய வரலாற்றையே படித்துக்கொண்டிருக்கின்றன. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை நிர்ணயித்தது: மருந்து பூசாததற்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் வயரும் நுண்கதீட்டரும் சுருக்கும் அந்த உத்தரவில் இல்லை. தமிழகத்தில் 2009 முதல் அரசுக் காப்பீட்டில் ஏழைகளும் இதயச் சிகிச்சை பெறுகிறார்கள். அங்கே ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைதான். நடுவில் வயர் ஒடிந்து சுருக்கு தேவைப்பட்டால் அந்தச் செலவை மருத்துவமனை தாங்க வேண்டும். கூஸ்நெக் சுருக்குகள் 5 மி.மீ. முதல் 35 மி.மீ. வரை பல அளவுகளில் வருகின்றன. எல்லாமே கிருமிநீக்கி, காலாவதித் தேதியிட்ட உறைகளில் வருபவை. எப்போதோ தேவைப்படும் அளவை ஒரு சிறிய மருத்துவமனை வாங்கி வைத்தால், பிரிக்காமலே தேதி கடந்துவிடும். கிரீம்ஸ் சாலையிலிருந்து அடையாறு வரை சில கிலோமீட்டருக்குள் இத்தனை கேத் லேப்கள் இருக்கும்போது, அரிய அளவுகளைப் பொது இருப்பாக வைத்து, ரத்த வங்கியில் அரிய வகை ரத்தத்தைக் கேட்டு வாங்குவதுபோல் அவசரத்தில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை அரசும் இதய மருத்துவர் சங்கங்களும் சேர்ந்தே செய்துவிட முடியும்.