எண்ணூர் எண்ணெயும் காணாமல் போன கழிவெளியும்

"கண்ணால் கண்டதும் பொய்" என்று ஆளாளுக்குச் சொல்லும் காலம் இது. ஏ.ஐ. வந்த பிறகுதான் இந்தத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வடசென்னையின் கதை கொஞ்சம் வேறு.

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், மற்றது எண்ணெய்க் கப்பல். சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஒன்றுமில்லை என்றுதான் துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. ஆனால் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில், பாறைகளுக்கு நடுவே எண்ணெய் தார் மாதிரி திரண்டு நின்றது. அதை ஆட்கள் வாளியில் அள்ளிய படங்கள் நாடு முழுக்கப் பரவின. மறுப்பு அதோடு போயிற்று.

அந்தப் படங்களை ஊர் நம்பியதற்குக் காரணம் கேமரா மட்டும் இல்லை. ஒரே கரையைப் பல பேர் பல பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். சந்தேகப்பட்டவர் திருவொற்றியூருக்கு பஸ் ஏறினால் நேரிலேயே பார்த்துவிடலாம். (வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொல்வதென்றால், ஒவ்வொரு பதிவுக்கும் வவுச்சர் இருந்தது.)

அதிகாரப்பூர்வ முத்திரை அந்த வேலையைச் செய்வதில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்டபோது, ஜன்னலுக்குள் வேறு காட்சியை ஒட்டிய படத்தை வெளியிட்டது மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமே! கேலி கிளம்பியதும், இரண்டு படங்களை இணைத்ததாக ஒப்புக்கொண்டு நீக்கியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மீண்டும் எண்ணூர் ஆற்றுக்குள் வந்தது. தன் குழாய்களில் கசிவில்லை என்றது மணலி சிபிசிஎல் நிறுவனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து, எண்ணெய் அந்த ஆலை வளாகத்திலிருந்துதான் வந்தது என்றது. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துக் கிடந்த வீடியோக்களை அன்று யாரும் போலி என்று தள்ளவில்லை. இன்று அதே வீடியோ வந்தால், "ஏ.ஐ.யில் செய்தது" என்ற ஒரு வரி போதும், நிவாரணம் தள்ளிப்போகும். பொய்ப் படத்தை நம்புவதைவிட, உண்மைப் படத்தை நம்ப மறுப்பதுதான் இந்தக் கரைக்குப் பெரிய ஆபத்து.

இதெல்லாவற்றுக்கும் மூத்தது ஒரு வரைபடம். 1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் 6,000 ஏக்கருக்கும் மேற்பட்ட எண்ணூர் கழிவெளி இருந்தது, கட்டடம் கூடாத பகுதியாக. அடுத்த ஆண்டுத் தேதி போட்ட வேறொரு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பையே காணோம். ஃபோட்டோஷாப் எதுவும் தேவைப்படவில்லை. 2017ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. பழைய வரைபடம் டில்லியில் பத்திரமாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.