மீனாட்சிபுரம் மதமாற்றம், 1981

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் (இன்று தென்காசி மாவட்டம்) 1981 பிப்ரவரி 19 அன்று ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் என்றும் வழங்கலாயிற்று. தீண்டாமையையும் காவல்துறையின் துன்புறுத்தலையும் மக்கள் காரணமாகக் கூறினர். நாடெங்கும் பரவியதோ ‘வளைகுடாப் பணம்’ என்னும் விளக்கம். முஸ்லிம்களை ஆள்பிடிப்போராகவும் தலித்துகளை விலைபோவோராகவும் காட்டி, இரு சமூகங்களையும் ஒருசேர இழிவுபடுத்திய விளக்கம் அது.

உண்மையில் மாறியோர் இழந்தவையே மிகுதி. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இஸ்லாத்திற்கு மாறுவோர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கின்றனர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் அதில் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் சேர்க்கப்படவில்லை. மதம் மாறிய பின்னரும் சாதி இழிவு தொடர்ந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது.