மதிலும் மக்களும்

சென்னை நகரின் வடபால் இராயபுரத்தை நோக்கிச் செல்வோர், பழைய சிறைச்சாலைச் சாலையின் ஓரத்தில் பருத்த சுவர் ஒன்றின் எச்சத்தைக் காணலாம். அதன் உச்சியில் பூங்கா அமைக்கப்பெற்றமையால் மக்கள் அதனை ‘மாடிப் பூங்கா’ என்றே அழைத்து வந்திருக்கின்றனர். அச்சாலையிலேயே சிறிது தொலைவில் ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. முதியோர் பலருக்கு அது இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். சுவருக்கும் கஞ்சிக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். அத்தொடர்பை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

போரில் இரு வகை உண்டு. கொடி பறக்க, முரசு முழங்க, இரு சேனைகள் களத்தில் எதிர் நின்று பொருவது ஒன்று. எதிர் நில்லாமல், பகைவனின் உணவை மறித்து, கால்நடையைக் கவர்ந்து, வழியை அடைத்து, அடித்த இடத்தில் தங்காது மறைந்து, அவனை அலைக்கழித்து ஓயச் செய்வது மற்றொன்று. 1808-இல் நெப்போலியனின் படைகளை எதிர்த்து ஸ்பெயின் நாட்டு மக்கள் இவ்வாறு போரிட்டபொழுது, ‘சிறு போர்’ என்று பொருள்படும் ‘கொரில்லா’ என்னும் சொல் உலகெங்கும் பரவியது. ஆனால், முறை புதியதன்று. பகைவனின் ஆநிரையைக் கவர்தலே போரின் தொடக்கம் என்று தொல்காப்பியம் வெட்சித் திணையில் வகுத்துள்ளது. மாட்டை இழந்தவன் ஏரை இழந்தான், வண்டியை இழந்தான், நாளடைவில் சோற்றையும் இழந்தான். இவ்வுண்மையைக் கிழக்கிந்தியக் கும்பெனி சென்னையின் வாயிலிலேயே மும்முறை கற்க நேர்ந்தது.

முதற் பாடம் கும்பெனிக்குச் சாதகமாக அமைந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, பெரும்படையுடன் சென்னைக்கு வந்தார். கோட்டைக்கு வடக்கே, ஆங்கிலேயர் இகழ்ச்சியாகக் ‘கறுப்பர் நகரம்’ என்று வழங்கியதும் பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றதுமான பகுதியை அவர் எளிதிற் கைப்பற்றினார். அங்கிருந்து பீரங்கிகளைக் கோட்டையின்மேல் திருப்பினார். உள்ளே ஆளுநர் பிகட்டும் தளபதி லாரன்சும் தாக்குப் பிடித்து நின்றனர். புலவர் வாய்மொழியிற் கூறின், வெளியே உழிஞை, உள்ளே நொச்சி.

ஆயினும், அம்முற்றுகையின் முடிவிற்கு மதிலுக்குள் இருந்தோர் மட்டும் காரணர் அல்லர். செங்கற்பட்டைத் தளமாகக் கொண்டு, பிரெஸ்டன் என்னும் ஆங்கில அதிகாரியும், இராமநாதபுரச் சீமையிற் பிறந்து சிப்பாய்ப் படையின் தலைவராய் உயர்ந்த யூசுப் கானும் வெளியே இயங்கினர். யூசுப் கானின் வீரர்கள் பிரெஞ்சுக்காரருக்கு வந்த உணவையும் கால்நடைகளையும் வழியிற் கவர்ந்தனர். துரத்தினால் கலைந்தனர், திரும்பினால் கூடினர். ஈயை ஓரிடத்தில் ஓட்டினால் மற்றோரிடத்தில் வந்து மொய்ப்பது போல் இவர்கள் தொல்லை தருகின்றனர் என்று லாலியே நொந்துகொண்டார். கோட்டையை உடைக்க வந்தவர், தம் பின்புறத்தைக் காக்கப் படையைப் பிரித்தனுப்ப வேண்டியதாயிற்று. 1759 பிப்ரவரி 9-ஆம் நாள் பரங்கிமலையில் அப்படையும் பயன் காணாது திரும்பியது. ஒரு வாரம் கழித்து ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தோன்றவே, லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

இங்கு ஒரு செய்தியை மறத்தலாகாது. கும்பெனிக்கு இவ்வரிய தொண்டைச் செய்த அதே யூசுப் கான், மதுரையை ஆண்ட காலத்தில் நவாபோடும் கும்பெனியோடும் முரண்பட்டு, 1763-இல் எதிர்த்து நின்றார். நெடிய முற்றுகையை மதுரைக் கோட்டை தாங்கியது. முடிவில் தம்மவராலேயே காட்டிக் கொடுக்கப்பெற்று, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். கரந்து தாக்கும் போர்க்கலை எவருக்கும் தனியுடைமை அன்று. இன்று நமக்கு உதவும் கை நாளை நமக்கு எதிராக ஓங்கக்கூடும். கும்பெனியின் ஏடுகள் அவரை முதலில் வீரர் என்றும் பின்னர்க் கலகக்காரர் என்றும் எழுதின. மனிதர் ஒருவரே, மாறியது எழுதுவோரின் நிலையே.

இரண்டாம் பாடத்தைக் கற்பித்தவர் மைசூர் ஐதர் அலி. 1767-இல் அவருடைய மைந்தர் திப்பு, இளம்பருவத்திலேயே குதிரைப்படை ஒன்றை நடத்திக்கொண்டு சென்னையின் புறநகர்வரை வந்தார். தோட்ட மாளிகைகளில் இன்புற்றிருந்த வெள்ளையர் கோட்டையை நோக்கி ஓடினர். கும்பெனிப் படையிற் காலாள் மிகுதி, பீரங்கி மிகுதி, குதிரை மட்டும் குறைவு. எனவே, வந்தவரைத் தடுக்கவும் இயலவில்லை. போனவரைத் தொடரவும் இயலவில்லை.

1769 மார்ச்சு மாதத்தில் ஐதரே நேரில் வந்தார். தம் பெரும்படையையும் கனத்த தளவாடங்களையும் வேறு வழியில் அனுப்பிவிட்டு, ஆறாயிரம் குதிரைவீரரோடு ஏறத்தாழ 130 மைல் தொலைவை மூன்றரை நாளிற் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார். கோட்டையை உடைக்கும் பீரங்கிகள் அவரிடம் இல்லை. உடைக்க வேண்டிய தேவையும் இல்லை. அவரைத் தேடிச் சென்ற ஆங்கிலச் சேனை எங்கோ பின்னே தங்கிவிட்டது. நகரைச் சூழ்ந்த ஊர்களும் வயல்களும் அவர் கைக்குள் இருந்தன. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் கும்பெனி அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

அந்த அச்சத்தின் விளைவே இராயபுரத்துச் சுவர். கிழக்கே கடல் இருந்தது. தெற்கே கோட்டை இருந்தது. வடக்கும் மேற்குமே திறந்து கிடந்தன. ஆதலால், அவ்விரு புறமும் கொத்தளங்களோடு கூடிய நீண்ட மதில் எழுப்பப்பெற்றது. பால் பென்பீல்டு என்பவர் ஒப்பந்தம் எடுத்தார். 1772 அளவில் வேலை முடிந்தது. வடமதிலின் வாயில்களுள் திருவொற்றியூர் வாயில், எண்ணூர் வாயில் என்பனவும் இருந்தன. மேற்கு மதிலின் வாயில் ஒன்று ‘யானைக்கவுனி’ என்ற பெயரில் இன்றும் நினைவில் நிற்கிறது. மதிலின் செலவை நகர மக்களிடமே வரியாகப் பெறக் கும்பெனி எண்ணியது, மக்கள் இணங்கவில்லை. அந்த வரியின் பெயரே ‘வால்டாக்ஸ் சாலை’யாக நிலைத்துவிட்டது.

மதில் எழுந்தது, ஆனால், நட்பு வளரவில்லை. 1769 உடன்படிக்கையின்படி, ஒருவர்க்கு இடர் நேர்ந்தால் மற்றவர் உதவ வேண்டும். பின்னர் மராத்தியர் மைசூர்மேற் படையெடுத்தபொழுது கும்பெனி வாளா இருந்தது. ஐதர் அதனை மறக்கவில்லை. 1780 சூலையில், எண்பதாயிரத்திற்கு மேற்பட்ட படையோடு செங்கம் கணவாய் வழியாக அவர் இறங்கினார். மூன்றாம் பாடம் தொடங்கியது. மூன்றனுள்ளும் கொடியது இதுவே.

இம்முறை ஐதர் செய்த முதற்செயல் நாட்டைப் பாழாக்கியதே. சென்னையைச் சூழ்ந்த ஊர்கள் எரிக்கப்பெற்றன. விளைந்த பயிரும் சேர்த்து வைத்த தானியமும் அழிக்கப்பெற்றன. கால்நடைகள் கவரப்பெற்றன. கும்பெனிப் படைக்கு ஒரு மூட்டை அரிசியும் ஓர் இணைக் காளையும் கிடைக்கலாகாது என்பதே கருத்து. மறுபுறம், நவாபின் வரிச்சுமையால் நொந்திருந்த மக்களிடமிருந்து கும்பெனிக்குச் செய்தி கிடைப்பதும் அரிதாயிற்று. ஐதரின் ஒற்றர்களோ ஆங்கிலப் படையின் ஒவ்வோர் அசைவையும் அறிவித்தனர்.

காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் படை நின்றது. குண்டூர்ச் சீமையிலிருந்து தளபதி பெய்லி மற்றொரு படையோடு அதனுடன் சேர வந்துகொண்டிருந்தார். எண்ணூரில் கடலோடு கலக்கிறதே, அந்தக் கொற்றலை ஆற்றின் வடகரையை ஆகஸ்டு இறுதியில் பெய்லி அடைந்தார். அன்றே கடந்திருக்கலாம், கடவாமல் தங்கினார். இரவில் வெள்ளம் பெருகியது. பல நாள் ஆற்றங்கரையிலேயே காத்திருக்க நேர்ந்தது. அந்த நாட்கள் ஐதருக்குப் போதுமானவை. திப்புவின் குதிரைப்படை பெய்லியின் வழியை மறித்தது. இரண்டு ஆங்கிலப் படைகளுக்கும் இடையே ஒரு நாள் நடைத் தொலைவே இருந்தும் அவை ஒன்று சேர இயலவில்லை. 1780 செப்டம்பர் 10-இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சியில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார்.

பின்னர் வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் வந்தார். 1781 சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையிலும், அடுத்துப் பொள்ளிலூரிலும், சோளிங்கரிலும் அவர் வென்றார். மூன்று வெற்றிகள், ஆயினும் போர் முடியவில்லை. ஏன்? வென்ற பின்னர்த் தொடர்ந்து செல்லக் குதிரை இல்லை. தங்கி நிற்க அரிசி இல்லை. அரிசி இருந்தாலும் சுமக்கக் காளை இல்லை. படை நின்ற இடம் மட்டுமே கும்பெனிக்கு உரியதாயிற்று. படை பெயர்ந்தவுடன் அவ்விடமும் ஐதருக்கே உரியதாயிற்று. களத்தில் வெல்வது வேறு. நாட்டை ஆள்வது வேறு என்பது அன்று தெளிவாயிற்று.

அந்நாளில் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. மேற்கே வயல்கள் கரிந்து கிடந்தமையால், நகரத்தின் உயிர் வங்காளத்து அரிசியிலும் அப்படகோட்டிகளின் தோள்வலியிலும் தொங்கியது. 1782 அக்டோபரில் பெரும்புயல் ஒன்று அடித்தது. அரிசிக் கலங்கள் பல உடைந்தன. முன்னரே பரவியிருந்த பஞ்சம் முற்றியது.

ஊரிழந்த உழவர் கூட்டங்கூட்டமாய்ச் சென்னையை நோக்கி வந்தனர். மதில், ஐதரின் குதிரையைத் தடுத்தது உண்மை. பசியை அதனால் தடுக்க முடியவில்லை. வடமதிலுக்கு வெளியே, 1782-இல் மணியக்காரர் ஒருவர் வந்தவர்க்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கினார். அவ்விடமே ‘மணியக்காரர் சத்திரம்’ ஆயிற்று. அதனோடு நோயாளரைப் பேணும் பணியும் சேர்ந்து, காலப்போக்கில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. மதிலை வேந்தரின் பகைமை எழுப்பியது. கஞ்சித்தொட்டியை அப்பகைமைக்கு இரையான ஏழையின் பசி எழுப்பியது.

1782 டிசம்பரில் ஐதர் மறைந்தார். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது. கும்பெனி தான் பட்டதை மறக்கவில்லை. 1791-இலும் 1792-இலும் திப்புவின்மேற் சென்ற காரன்வாலிஸ், பொதி எருதுகளில் தானியம் கொண்டு செல்லும் லம்பாடி வணிகரைப் பெருந்திரளாகத் துணைக்கொண்டார். குதிரைப்படைக்கும் குறைவு நேராமற் பார்த்துக்கொண்டார். 1801-இல் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தென்பாண்டிச் சீமையிற் போர் தொடுத்தபொழுது, காளையார்கோயிற் காட்டை வெட்டி வழி செய்யக் கும்பெனி முதலில் முயன்று களைத்தது. பின்னர், அரச உரிமைக்கு வேறொருவரை நிறுத்தி மருதுவின் பக்கம் நின்றோரைப் பிரித்தது. காட்டினால் தடைப்பட்ட படைக்கு, மக்களிடையே விழுந்த பிளவு வழி திறந்துவிட்டது. போர் ஓய்ந்தபின் பாளையக்காரரின் படைக்கலங்கள் பறிக்கப்பெற்றன, கோட்டைகள் இடிக்கப்பெற்றன.

அரணின் இலக்கணம் கூற வந்த திருவள்ளுவர், அதனுள் உணவு நிறைந்திருக்க வேண்டும் என்றார். எத்துணைச் சிறப்புடையதாயினும், உள்ளிருப்போர் செயற்சிறப்பு இலராயின் அது அரணே அன்று என்றும் கூறி முடித்தார். சென்னையின் வரலாறு அதனோடு மேலும் ஒரு கருத்தைச் சேர்க்கிறது. கரந்து தாக்கும் போரில், களம் என்பது ஊர். படைக்கலம் என்பது நெல்லும் மாடும் செய்தியும். அவற்றை வைத்திருப்போர் உழவர். ஆதலால், இரு திறத்தாரும் முதலில் அடிப்பது உழவரையே. லாலியும் யூசுப் கானும், ஐதரும் கூட்டும் பெயர் பெற்றனர். பயிரை இழந்து மதிலோரம் கஞ்சிக்குக் காத்து நின்றவர்களின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை.

மாணவர்களே, வாய்ப்பு நேரும்பொழுது இராயபுரத்திற்குச் சென்று அந்தச் சுவரைப் பாருங்கள். மன்னரும் தளபதிகளும் நடத்திய போரை அது நினைவூட்டும். பின்னர், சிறிது தொலைவு நடந்து, நாடோறும் ஏழை எளியோர் நோய் தீர வந்து நிற்கும் அம்மருத்துவமனையின் வாயிலையும் பாருங்கள். மதிலின் பெரும்பகுதி இடிந்து மறைந்துவிட்டது. மணியக்காரர் மூட்டிய அடுப்பிலிருந்து வளர்ந்த அறமோ இன்றும் மாயாமல் நிற்கிறது.