மக்கபேயர் ஏற்றிய விளக்கு

நம் ஆலயத்தின் யூபிலியைக் கொண்டாடும் இவ்வேளையில், எருசலேம் ஆலயத்தை மீட்டெடுத்த ஒரு குருகுலத்தின் வரலாற்றை நினைவுகூர்வது சாலப் பொருந்தும்.

கி.மு. 167-ஆம் ஆண்டில், சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு, எருசலேம் ஆலயப் பீடத்தின்மேல் அந்நிய தெய்வத்துக்குப் பலியிடச் செய்தான். ஓய்வுநாளைத் தடை செய்தான். திருச்சட்ட நூல்களை எரித்தான். மோதேயின் என்னும் சிற்றூரில் மத்தத்தியா என்ற முதிய குரு அரச கட்டளைக்குப் பணிய மறுத்தார். யோவான், சீமோன், யூதா, எலயாசர், யோனத்தான் என்னும் ஐந்து புதல்வரோடு மலைகளுக்குச் சென்று போர்க்கொடி உயர்த்தினார். அவருக்குப்பின் தலைமை ஏற்ற யூதா மக்கபே, கி.மு. 164-இல் ஆலயத்தைத் தூய்மைப்படுத்தி, புதுப் பீடம் எழுப்பி, விளக்குகளை ஏற்றினார். எட்டு நாள் கொண்டாடப்பட்ட அந்த அர்ப்பண விழாவின்போதே பின்னாளில் நம் ஆண்டவர் இயேசு ஆலய மண்டபத்தில் உலவியதாக அருளப்பர் எழுதுகிறார். போரில் மாண்டவர்களின் பாவம் நீங்க வேண்டி யூதா பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் நாம் செய்யும் மன்றாட்டுக்கு மறைநூல் ஆதாரம் இதுவே.

சகோதரர் ஒருவர்பின் ஒருவராக உயிர் கொடுத்தனர். கி.மு. 142-இல் சீமோன் காலத்தில் நாடு விடுதலை பெற்றது. ஹஸ்மோனியர் என்ற பெயரில் அக்குலத்தார் தலைமைக் குருக்களாகவும், பின்னர் மன்னர்களாகவும் ஆண்டனர். ஆனால் பதவி வந்ததும் பகையும் வந்தது. ஹிர்க்கானு, அரிஸ்தோபுலு என்னும் உடன்பிறந்தார் இருவர் அரியணைக்குச் சண்டையிட்டனர். இருவருமே உரோமைத் தளபதி பொம்பேயுவிடம் நியாயம் கேட்டனர். கி.மு. 63-இல் அவன் எருசலேமையே கைப்பற்றினான். ஏறக்குறைய 80 ஆண்டு விடுதலை அண்ணன் தம்பி பூசலில் அழிந்தது.

இது எங்கோ நடந்த கதை மட்டுமன்று. தென்காசிக்கு வடக்கே நெற்கட்டான்செவலில், பூலித்தேவர் 1755-இல் நவாபுக்கும் கும்பெனிக்கும் கப்பம் கட்ட மறுத்து நின்றார். பாளையக்காரர் அனைவரும் அவரோடு ஒன்றுபடவில்லை. 1761-இல் யூசுப்கானின் படையிடம் அவர் கோட்டைகள் வீழ்ந்தன.

அன்பார்ந்த பங்கு மக்களே! அந்தியோக்கின் படையால் அணைக்க முடியாத விளக்கை மக்கபேயரின் வழித்தோன்றல்களே அணைத்துவிட்டார்கள். நம் முன்னோர் கல் சுமந்து, காணிக்கை தந்து எழுப்பிய இவ்வாலயத்துக்கும் ஆபத்து வெளியிலிருந்து வரவேண்டும் என்பதில்லை. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற சிறு மனத்தாங்கலே போதும். மனம் ஒன்றித் திருப்பந்தியில் அமர்வோம். அதுவே இந்த யூபிலிக்கு நாம் ஏற்றும் விளக்கு.