பூனைக்காலி விதையும் அசைவின் வேதியியலும்

புதுச்சேரிப் பகுதி வேலிகளில் படரும் பூனைக்காலியை, அதன் சுனைக்கு அஞ்சி விலகிச் செல்வோம். அதன் விதையையோ சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் போற்றிவந்துள்ளது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரனும் இராமசாமியும் அவ்விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தனர். 1913இல் குகன்ஹைம் ஐரோப்பிய அவரையொன்றில் கண்ட பொருள்தான் அது. உடலசைவோடு அதற்குள்ள தொடர்பு அன்று அறியப்படவில்லை.

இருபதாண்டுகள் கழிந்து, 1957இல், சுவீடனில் கார்ல்சன் ரிசர்பினைச் செலுத்திய முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. ரிசர்பின் நம் சர்ப்பகந்தி வேரில் கிடைப்பது. எல்-டோபா செலுத்தியதும் அவை மீண்டும் நடமாடின. மூளையில் அது டோபமைனாக மாறுகிறது. 1960இல் வியன்னாவில், நடுக்குவாதத்தால் துன்புற்று இறந்தோரின் மூளையாழத்தில் டோபமைன் அருகியிருந்தமை கண்டறியப்பட்டது. மறு ஆண்டே அங்கு எல்-டோபா ஊசி பெற்ற நோயாளிகள், படுக்கையில் கிடந்தோர் உட்பட, அசையலாயினர்.

மூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் புறணியிலும் டோபமைனுக்குப் பணியுண்டு. அங்குள்ள டோபமைன் நரம்பிழைகளை அழித்தபோது எலிகள் கற்ற செயலை மறக்கவில்லை. புதிய செயலைக் கற்கவே தடுமாறின என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு பொருளைப் பிரித்தெடுப்பது வேறு, அதன் பொருளை உணர்வது வேறு. முன்னது சென்னையில் நிகழ்ந்தது. பின்னதற்குரிய வினா இங்கு எழவில்லை. ஆயினும் இம்மருந்தின் வரலாற்றை வியன்னாவில் தொடங்குவோர் சென்னைக்கும் ஒரு வரி ஒதுக்குதல் வேண்டும்.