அமெரிக்காவில் அசிஸ்டெட் லிவிங் இல்லங்கள்: தேர்வும் கட்டணமும்

வீட்டில் தனியாக இருக்க முடியாமல் தளர்ந்துபோன, ஆனால் இரவும் பகலும் செவிலியர் கவனிப்பு தேவைப்படாத முதியவர்களுக்காக அமெரிக்காவில் உருவானவை அசிஸ்டெட் லிவிங் இல்லங்கள். குளிக்க, உடுத்த, கழிப்பறை செல்ல, வேளை தவறாமல் மருந்து சாப்பிட அங்கே உதவி கிடைக்கும், சாப்பாடும் உண்டு. மற்றபடி அது வாடகைக் குடியிருப்புதான். கெரன் பிரவுன் வில்சன் 1983இல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் தொடங்கிய 112 குடியிருப்புகள் கொண்ட இல்லமே இதன் முன்னோடி. ஐம்பத்தைந்து வயதில் பக்கவாதத்தால் முடங்கி முழுநேரச் செவிலியர் கவனிப்பு தரும் நர்சிங் ஹோமில் நாளைக் கழித்த தாயைக் கண்ட அவர், உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளும் கதவும் சொந்தச் சமையலறையும் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்றார்.

நர்சிங் ஹோம்களுக்கு மத்திய அரசின் விதிகளும் நட்சத்திரத் தரமதிப்பீடும் உண்டு. அசிஸ்டெட் லிவிங்குக்கு அப்படி நாடு தழுவிய மதிப்பீடு கிடையாது. உரிமம் தருவதும் சோதனை நடத்துவதும் மாநிலங்களின் வேலை. ஆகவே இடம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த மாநிலத்தின் சோதனை அறிக்கைகளை. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள முதியோர் நல ஆம்புட்ஸ்மன் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். இல்லவாசிகளின் புகார்களைக் கேட்டுத் தீர்ப்பதே அதன் பணி. இலவசமாக இடம் பார்த்துத் தருவதாகச் சொல்லும் தரகு நிறுவனங்கள் பெரும்பாலும் இல்லங்களிடமிருந்து கமிஷன் பெறுகின்றன. கமிஷன் தராத இல்லம் அவர்களுடைய பட்டியலில் வராமலே போகலாம்.

நேரில் பார்க்கப் போகிறவர்களை முகப்புக்கூடத்தின் சோபாவும் பூச்சாடியும் எளிதில் மயக்கிவிடும். இரவில் எத்தனை பணியாளர்கள் இருப்பார்கள், எந்த நிலை வந்தால் வெளியேறச் சொல்வார்கள் என்ற கேள்விகளே முக்கியம். கட்டணம் இரண்டு அடுக்கு: அறை வாடகை ஒன்று, உதவியின் அளவைப் பொறுத்து ஏறும் பராமரிப்புக் கட்டணம் மற்றொன்று. சேரும்போது சொன்ன தொகை, முதியவர் மேலும் தளரத் தளர உயரும். சில ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் மகனோ மகளோ பாக்கிக்குத் தாமே பொறுப்பாளி ஆகிவிடுவதும் உண்டு.

2024 கணக்குப்படி நாடு முழுவதற்குமான இடைநிலைக் கட்டணம் மாதம் சுமார் 5,900 டாலர். மெடிகேர் இருக்கிறதே என்று நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். அறுபத்தைந்து வயதானோருக்கான அந்தக் காப்பீடு மருத்துவரையும் மருத்துவமனையையும் பார்த்துக்கொள்ளும். அறை வாடகைக்கோ அன்றாட உதவிக்கோ பணம் தராது. எனவே பெரும்பாலோர் சேமிப்பு, ஓய்வூதியம், வீடு விற்ற பணம் ஆகியவற்றிலிருந்தே கட்டுகிறார்கள். முன்கூட்டியே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு எடுத்திருந்தால், அன்றாடச் செயல்கள் ஆறில் இரண்டைத் தானாகச் செய்ய முடியாத நிலையிலோ மறதிநோய் முற்றிய நிலையிலோ பொதுவாக அது கைகொடுக்கும். போர்க்காலத்தில் படையில் பணியாற்றியோருக்கும் அவர்களை இழந்த வாழ்க்கைத்துணைகளுக்கும், வருமான, சொத்து வரம்புக்கு உட்பட்டு, முன்னாள் படையினர் துறையின் கூடுதல் உதவித்தொகை உண்டு.

வறியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகெய்டு. பல மாநிலங்களில் அது பராமரிப்புச் செலவை ஏற்கும். வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் ஏற்காது. தனியாக இருப்பவரின் கணக்கில் வரும் சொத்து பெரும்பாலான மாநிலங்களில் 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்திருந்தால், உதவி சில காலம் தள்ளிப்போகும். தகுதி இருந்தும் காத்திருப்போர் பட்டியலில் நிற்க நேர்வது சாதாரணம். பிள்ளைகள் கிரீன் கார்டு வாங்கித் தந்து இந்தியாவிலிருந்து அழைத்துக்கொண்ட பெற்றோருக்கு, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மத்திய நிதியிலான மெடிகெய்டு பொதுவாகக் கிடையாது.

எல்லா இல்லங்களும் மெடிகெய்டை ஏற்பதில்லை. கையிருப்பு தீர்ந்த பிறகு அந்தத் திட்டத்தின்கீழ் அதே அறையில் தொடர இடம் தருவார்களா என்பதை, கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.