எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் குளிசை: கண்டியில் இருப்போருக்குச் சில தகவல்கள்

எச்.ஐ.வி. இல்லாத ஒருவர், அது தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்துதான் 'பிரெப்'. இது தடுப்பூசி அல்ல. பெரும்பாலும் டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் ஆகிய இரு மருந்துகள் சேர்ந்த குளிசை. வைரஸ் உடலுக்குள் புகுந்தாலும், பெருகுவதற்கு அதற்குத் தேவையான நொதியத்தை இது முடக்கிவிடும். 2012இல் அமெரிக்கா அனுமதித்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்து அதிகமுள்ள அனைவருக்கும் பரிந்துரைத்தது. ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழித் தொற்று சுமார் 99 சதவீதம் குறைகிறது. விட்டுவிட்டு எடுத்தால் அந்தக் கணக்குச் சரிவராது.

கண்டியில் வேலை செய்யும் வன்னி இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, போனால் பெயர், ஊர் எல்லாம் பதிவாங்களோ?" இந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி வளர்ந்த தலைமுறை அது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளும் அச்சம் தருகின்றன. ஆனால் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் சேவை இலவசம், விபரங்கள் இரகசியம். கண்டியில் தேசிய வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சைப் பிரிவில் விசாரிக்கலாம். சிங்களம் தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்பதைக் குருதிப் பரிசோதனையில் உறுதிசெய்வார்கள். சிறுநீரகம், ஈரல் அழற்சி பி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. முதல் நாட்களில் குமட்டல், தலையிடி வரலாம். பெரும்பாலும் தானாகவே நீங்கும். சிபிலிஸ், கொனோரியா, கர்ப்பம் எதையும் இது தடுக்காது. ஆகவே ஆணுறையைக் கைவிட வேண்டாம்.

துணைவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் பிரிந்துவிட வேண்டும் என்று நம்மிடையே பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. அவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, குருதியில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் தொற்றாது. அந்த நிலை வரும்வரை மற்றவருக்குப் பிரெப் பாதுகாப்பு.

ஆபத்தான தொடர்பு ஏற்கனவே நடந்துவிட்டதா? அதற்கு வேறு மருந்து உண்டு. 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தளவு விரைவாகத் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். சனி, ஞாயிறு என்றால் திங்கள்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள்.